உதைச்சினம்: கண்டி றக்பி மைதானங்களில் காணப்படும் ஒரு கோபம் பற்றிய ஆய்வு

கண்டி நகரிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் பாடசாலை றக்பிப் பருவம் தொடங்கியதும் பரவி, பருவம் முடிந்த பின்னரும் தேநீர்க் கடைகளில் சில வாரம் தங்கிச் செல்லும் கோபம் ஒன்று உண்டு. அது எதிரணியின் மீது எழுவதன்று. நடுவர் மீது எழுவதுமன்று. நடுவர் மீதான கோபம் மிகப் பழையது, பரப்பிலும் பெரியது, அதற்குத் தனி நூலே வேண்டும். இங்கு ஆராயப்படுவது, தன் அணியின் கையில் பந்து இருந்தும், அந்த அணி ஓடாமலும் பந்தைக் கைமாற்றாமலும் அதை உதைத்து வானுக்கு அனுப்பும்போது, அந்த அணியையே உயிராக நேசிப்பவரின் நெஞ்சில் மூளும் கோபமாகும். வசதி கருதி இக்கட்டுரை அதனை உதைச்சினம் என்று வழங்கும்.

இந்த ஆய்வுக்குக் கண்டியைக் களமாகக் கொண்டதற்குக் காரணம் உண்டு. பின்னாளில் கிங்ஸ்வுட் எனப் பெயர் பெற்ற கல்லூரியை 1891இல் நிறுவிய எல்.ஈ. பிளேஸ் மாணவரிடையே இவ்விளையாட்டைக் கொண்டுவந்தார். கிங்ஸ்வுட்டும் திரித்துவக் கல்லூரியும் 1906இல் போகம்பறையில் மோதியதே இலங்கையில் பாடசாலைகளுக்கிடையே நடந்த முதல் றக்பிப் போட்டி எனப்படுகிறது. அது 6க்கு 6 என்று வெற்றி தோல்வியின்றி முடிந்தது. 1874இல் தொடங்கிய கண்டி விளையாட்டுக் கழகம் நித்தவலயில் இருக்கிறது. கட்டுகஸ்தோட்டையில் புனித அந்தோனியார் கல்லூரி இருக்கிறது. பல்லேகலவில் திரித்துவக் கல்லூரியின் றக்பி அரங்கு இருக்கிறது. இத்தனை மைதானங்களுக்கு நடுவே வளரும் ஒருவர் எந்தத் தொழிலுக்குப் போனாலும், பந்தை எப்போது உதைக்கக் கூடாது என்பது குறித்து உறுதியான கருத்துடையவராகவே வளர்கிறார்.

உதை என்பது யாது என முதலில் வரையறுத்துக்கொள்ள வேண்டும். றக்பியில் பந்தைக் கையால் முன்னோக்கி எறிய விதி இடம் தருவதில்லை. பக்கவாட்டிலோ பின்னோக்கியோ மட்டுமே கைமாற்றலாம், முன்னே செல்ல வேண்டுமாயின் ஓட வேண்டும் அல்லது உதைக்க வேண்டும். தன் கோட்டிலிருந்து 22 மீற்றருக்குள் நிற்கும் வீரர் பந்தை நேராகப் பக்கக்கோட்டுக்கு வெளியே அடித்தால், அது எல்லையைக் கடந்த இடத்திலேயே ஆட்டம் மீண்டும் தொடங்கும். ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கையில் அந்த 22 மீற்றருக்கு வெளியே நின்று, பந்து தரையில் படாமல் வெளியேறும்படி அடித்தால், ஈட்டிய தூரம் யாவும் வீணாகி, அடித்த இடத்துக்கு நேரே திரும்ப வேண்டியதுதான். ஆகவே தன் கோட்டருகே நெருக்கப்பட்ட அணிக்கு உதை என்பது நாற்பது மீற்றர் தூரத்தை ஒரே அடியில் வாங்கும் வழியாகும். அதற்கு விலையாகப் பந்து எதிரணியிடம் போய்விடுகிறது. அணியின் பயிற்றுநர் வாங்கிய தூரத்தைப் பார்க்கிறார். பார்வையாளர் கொடுத்த விலையைப் பார்க்கிறார். இருவரும் பார்ப்பது ஒரே பந்தைத்தான்.

உதைச்சினத்தின் அறிகுறிகளை அருகிலிருந்து நோக்குவது பயன் தரும். இரு அணிகளின் முன்கள வீரரும் பிணைந்து தள்ளும் ஸ்க்ரமிலிருந்து வெளிவரும் பந்து ப்ளை ஹாஃப் எனப்படும் பத்தாம் இலக்க வீரரின் கைக்கு வருகிறது. அவர் ஒரு கணம் தலையை உயர்த்துகிறார். தலை உயர்ந்த அந்தக் கணத்திலேயே மேற்படிகளிலிருந்து "அடிக்காதடா, ஓடுடா" என்ற குரல் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளிலும் எழுகிறது. அரசகரும மொழிக் கொள்கை இத்தனை இயல்பாக நடைமுறைப்படும் இடம் கண்டியில் வேறு இருக்குமா என்பது ஐயமே. பந்து வானில் இருக்கும்போதே பாதிப் பேர் உட்கார்ந்துவிடுகிறார்கள். அது எங்கே விழுந்தது என்பதை அவர்கள் பார்ப்பதில்லை, ஏனெனில் அது அவர்களுக்குப் பொருட்டன்று. பப்பரே வாத்தியக் குழு மட்டும் நிற்பதில்லை. ஆட்டம் மந்தமாகும்தோறும் அதன் தாளம் விரைவது, யாராவது ஒருவராவது ஓட வேண்டும் என்ற பொது நியாயத்தினால் போலும்.

இரண்டாவது அறிகுறி, பதினான்காம் இலக்கச் சட்டையை மேற்கோள் காட்டுதல். பக்கக்கோட்டை ஒட்டி நிற்கும் விங் வீரர் அணியில் பெரும்பாலும் மிக வேகமானவர். பந்து கை மாறி மாறி ஓரம் வரை வந்தால்தான் அவருக்கு வேலை. கண்டி மழையில் முன்கள வீரர் எண்மரின் சட்டைகளும் இடைவேளைக்குள் ஒரே நிறமாகிவிட, அவர் சட்டை மட்டும் வீட்டில் இஸ்திரி போட்ட மடிப்பு கலையாமல் இருப்பதுண்டு. பழைய மாணவர் அதனைச் சுட்டிக்காட்டி, இந்தப் பையனின் தாய்க்குத் துவைக்கிற வேலை மிச்சம் என்பார். இதை வெறும் கேலி என்று தள்ளிவிடலாகாது. ஆட்டம் ஓரம் வரை விரிந்ததா என்பதற்குச் சேற்றைவிட நேர்மையான சான்று மைதானத்தில் வேறில்லை.

இனி எதிர்த்தரப்பின் நியாயத்தையும் கூற வேண்டும். தென்மேல் பருவக்காற்று மே முதல் செப்டெம்பர் வரை மலைநாட்டுக்கு மழையைக் கொண்டுவருகிறது. நெடுங்காலமாகப் பாடசாலை றக்பியின் சூடான மாதங்களும் இக்காலத்துக்குள்ளேயே விழுந்து வந்துள்ளன. ஈரப் பந்து கையிலிருந்து நழுவி முன்னே விழுந்தால் அது நொக்-ஒன் எனும் தவறாகும், அதற்குத் தண்டனையாக ஸ்க்ரம் எதிரணிக்குக் கிடைக்கும். ஆறு பேர் கை மாற்றி ஓரம் வரை பந்தைக் கொண்டுபோவது வெயில் நாளில் கலை. மழை நாளில் அது ஆறு தடவை சூதாடுவது.

மழையைவிட வலிய காரணம் பிராட்பி கேடயத்தின் அமைப்பில் இருக்கிறது. கொழும்பு றோயல் கல்லூரியின் அதிபராயிருந்த ஈ.எல். பிராட்பி வழங்கிய இக்கேடயத்துக்காக, றோயலும் திரித்துவக் கல்லூரியும் 1945 முதல் இரண்டு கட்டங்களாக, ஒன்று கண்டியிலும் ஒன்று கொழும்பிலுமாக, மோதி வருகின்றன; இரு போட்டிகளின் புள்ளிகளையும் கூட்டியே கேடயம் யாருக்கு என்பது தீர்மானிக்கப்படுகிறது. முதற்கட்டத்தில் ஓர் அணி 12 புள்ளியால் வென்றது என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் கட்டம் தொடங்கும்போது புள்ளிப் பலகை 0க்கு 0 என்று காட்டும்; பார்வையாளர் அதை நம்புகிறார். அணித்தலைவர் நம்புவதில்லை, அவர் தலைக்குள் இருக்கும் பலகை 12க்கு 0 என்று காட்டுகிறது. தன்னைத் தாண்ட எதிரணி 12க்கு மேற்பட்ட புள்ளி வித்தியாசத்தில் வென்றாக வேண்டும் என்பதை அறிந்த அவர், பந்தை வானுக்கு அனுப்பி நேரத்தைத் தின்பதே அறிவு என்று கருதுகிறார். ஒரே மைதானத்தில் இரண்டு வெவ்வேறு போட்டிகள் நடைபெற, ஒன்றைப் படிகளில் இருப்போர் பார்க்க, மற்றதைக் களத்தில் இருப்போர் ஆடுகிறார்கள்.

உதைச்சினத்தின் உச்சம் பெனால்டி கிடைக்கும்போது காணப்படும். எதிரணி குற்றம் இழைத்தால், கம்பங்களுக்கிடையே உதைத்து 3 புள்ளி பெறலாம். அல்லது மூலைக்கு அடித்து, பக்கக்கோட்டிலிருந்து பந்தை உள்ளே எறியும் லைன் அவுட்டில் தானே எறிந்து, எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைக்கும் ட்ரைக்கு முயலலாம். ட்ரைக்கு 5, அதன் பின் கம்பங்களுக்கிடையே உதைக்கும் கொன்வர்ஷனுக்கு 2. அணித்தலைவர் கம்பத்தைக் காட்டியதும் படிகள் குமுறுகின்றன. இங்கே சிறு கணக்கு ஒன்று தேவைப்படுகிறது. உதைப்பவர் பத்துக்கு ஏழு தடவை குறி தவறாதவர் எனக் கொண்டால், பத்துப் பெனால்டிகளில் 21 புள்ளி. மூலைக்கு அடிப்பவருக்கு, கொன்வர்ஷனில் பாதி தவறும் எனக் கொண்டால், ட்ரை ஒன்றுக்குச் சராசரி 6 புள்ளி. 21ஐத் தாண்ட அவர் பத்தில் நான்கு தடவை வெல்ல வேண்டும், மூன்று போதாது. பார்வையாளரைக் கேட்டால் பத்தில் பத்து என்பார். அதிலும் மூன்றைப் பந்தின்றியே வைத்திருக்கலாம் என்பார்.

ஆயினும் விதியியற்றுவோர் பார்வையாளர் பக்கமே சாய்ந்து வந்திருக்கிறார்கள் என்பதை மறைப்பது நேர்மையாகாது. போகம்பறையில் அந்த முதல் போட்டி நடந்தபோது ட்ரைக்கு 3 புள்ளிதான். எழுபதுகளின் தொடக்கத்தில் அது 4 ஆனது, 1992இல் 5 ஆனது. பெனால்டியோ 3லேயே நின்றுவிட்டது. ஓடுங்கள் என்று சட்டமே அரை நூற்றாண்டாகக் கெஞ்சிக்கொண்டிருக்கிறது.

வெளிநாட்டு ஆய்வுகளும் பார்வையாளருக்கு ஆறுதல் தருவன. அமெரிக்கக் கல்லூரிகளிலும் தொழில்முறைக் கழகங்களிலும் ஆடப்படும் அமெரிக்கன் ஃபுட்போலில், பத்து யார் முன்னேற ஓர் அணிக்கு நான்கு வாய்ப்புகள் உண்டு. மூன்றில் முடியாவிட்டால் நான்காவதில் பந்தைத் தூர உதைத்துவிடுவது மரபு, அங்கும் சனிக்கிழமை தோறும் அதே குமுறல். டேவிட் ரோமர் என்ற பொருளியலாளர் தொழில்முறைப் போட்டிகளை ஆராய்ந்து 2006இல் வெளியிட்ட கட்டுரையில், அணிகள் தேவைக்கு மிக அதிகமாகவே உதைக்கின்றன என்று காட்டினார். ஆர்கன்சா மாநிலத்துப் பாடசாலை ஒன்றின் பயிற்றுநர் கெவின் கெலி, நான்காவது வாய்ப்பில் உதைப்பதையே ஏறத்தாழக் கைவிட்டு, மாநிலப் பட்டத்தைப் பல தடவை வென்றார். அப்படியிருந்தும் மற்றோர் உடனே அவரைப் பின்பற்றிவிடவில்லை. வழக்கப்படி ஆடித் தோற்றால் விதி என்பார்கள், வழக்கத்தை மீறித் தோற்றால் வேலை போகும். பயிற்றுநரும் சம்பளத்துக்கு இருப்பவர்தானே.

இனி இந்த ஆய்வின் மையமான கண்டுபிடிப்புக்கு வரலாம். மூலைக்கு அடித்த அணி லைன் அவுட்டில் பந்தைப் பிடித்து, எட்டுப் பேரும் ஒன்றாகக் கட்டிக்கொண்டு மோல் அமைத்து, அங்குலம் அங்குலமாகத் தள்ளிச் சென்று ட்ரை வைக்கிறது. ஈரத் தரையில் இது மிகவும் பலன் தரும் முறை, 5 புள்ளியும் ஐயமின்றிக் கிடைக்கிறது. பார்வையாளர் எழுந்து கைதட்டுகிறார். உட்கார்ந்ததும் பக்கத்தவரிடம், "இதுவும் ஒரு ஆட்டமா மச்சான், பந்தை வெளியே விட வேண்டாமா" என்கிறார். புள்ளிதான் வேண்டுமென்றால் இக்குறைக்கு இடமேயில்லை. ஆகவே பார்வையாளர் கேட்டது புள்ளியுமன்று, துணிச்சலுமன்று. பந்து கையிலிருந்து கைக்குப் பறந்து, எதிரணி ஏமாந்து நிற்க, ஒருவர் வெறுங்களத்தில் ஓடும் அந்த ஐந்தாறு நொடியை அவர் கேட்டார். கிங்ஸ்வுட்டில் வளர்ந்து கண்டிக் கழகத்தின் பத்தாம் இலக்கச் சட்டையை அணிந்த பாசில் மரிஜாவின் கைகளை நித்தவலயில் கண்டவர்களுக்கு, அந்த நொடி எப்படியிருக்கும் என்பது தெரியும். தெரிந்ததனாலேயே பின்வந்த பத்தாம் இலக்கத்தார் அனைவரும் அவர்கள் கண்ணில் கடனாளிகளாகிவிட்டார்கள்.

பார்வையாளரின் பிழை கோபப்படுவதிலன்று, அந்தக் கோபத்துக்குக் கணக்கைச் சாட்சிக்கு அழைப்பதில் இருக்கிறது. மழையிலும் கூட்டுப் புள்ளியிலும் கணக்கு பயிற்றுநரின் பக்கமே பேசும். அழகான ஆட்டம் வேண்டும் என்று நேரே கேட்டால் அதை மறுக்க எந்தப் பயிற்றுநரிடமும் கணக்குக் கிடையாது. ஆனால் தரமான பாடசாலை ஒன்றில் படித்து, மாதச் சம்பளத்தை நிலையான வைப்பில் போட்டு, மேகம் கறுக்கும் முன்பே குடை விரிக்கும் ஒருவர், தமக்கு அழகு வேண்டும் என்று உரக்கச் சொல்ல வெட்கப்பட்டு, ஐந்து மூன்றைவிடப் பெரிது என்று மட்டும் சொல்லிவைக்கிறார்.

ஆகவே அடுத்த முறை பாடசாலைப் போட்டிக்காகப் பல்லேகலவுக்கோ நித்தவலக்கோ செல்லும் வாசகரிடம் வேண்டுவது இதுதான்: பயிற்றுநரின் இருக்கையை நோக்கிக் கத்துவதை விட்டுவிடுங்கள், கம்பமா மூலையா என்று நடுவரிடம் சொல்பவர் களத்தில் நிற்கும் அணித்தலைவர். கேட்க வேண்டியதை அவரிடமே கேளுங்கள். அவருக்கு இன்னும் பத்தொன்பது வயது நிரம்பவில்லை என்பதால், கொஞ்சம் மெதுவாகக் கேளுங்கள்.