பூசத்துப் பலூன் கடை முதல் பத்து மீட்டர் வரை

திருவாரூருக்குத் தேரழகு, திருவிடைமருதூருக்குத் தெருவழகு என்று தஞ்சைப் பக்கம் சொல்வார்கள். மகாலிங்க சுவாமி கோயிலைச் சுற்றி ஓடும் அந்த அகலத் தெருக்களில் தைப்பூசத்துக்குக் கடை விரிந்துவிடும். வளையல் கடை, பேரீச்சம்பழக் கடை, ராட்டினம் எல்லாம் இருக்கும். பையன்கள் மொய்த்துக் கிடந்தது பலூன் சுடும் கடையில்தான். பின்னால் ஒரு படுதா, முன்னால் பலகை, பலகையில் வரிசை வரிசையாகப் பலூன். ஓரத்தில் நூலில் கட்டிய காசு ஒன்று தொங்கும். அந்தக் காசை ஆட்டியவனுக்கு அன்று ஊரில் தனி மரியாதை.

கடையில் கிடந்தவை எல்லாம் ஸ்பிரிங் ஏர் கன்கள். குழலை மடக்கி, ரவையைச் செருகி, நிமிர்த்திச் சுடுகிற வகை. பல கை பட்டுத் தேய்ந்து, குழல் மடங்கும் மூட்டே தளர்ந்து போயிருக்கும். ஒன்று இடது பக்கம் இழுக்கும், இன்னொன்று கீழே அடிக்கும். கடைக்காரர் அதை மறைத்ததில்லை. "தம்பி, இது ரெண்டு விரக்கடை இடதால போவும். பலூனுக்கு வலது ஓரத்தைப் பாரு" என்று சொல்லித்தான் கையில் கொடுப்பார். அன்றைக்குக் குறிபார்ப்பது என்றால் அதுதான். துப்பாக்கியின் கோணலைத் தெரிந்துகொண்டு, அந்தக் கோணலுக்கு ஏற்பக் கண்ணை நகர்த்திக்கொள்வது. பின்சைட்டில் அதற்கென்றே ஒரு திருகாணி இருந்தது. அதை யாரும் தொட்டதில்லை.

எங்கள் வீட்டிலும் பரணில் ஒரு ஏர் கன் இருந்தது. சித்தப்பா அதைச் சுடச் சொல்லிக் கொடுத்த முறை, "டேய், இறுக்கிப் பிடி, தோள்ல நல்லா அழுத்து" என்பது. உதைக்கிற பெரிய துப்பாக்கிக்குச் சொன்ன பாடம் ஊரெங்கும் ஏர் கன்னுக்கும் பொதுவாகிவிட்டது. பலூன் கடைக்காரர் சுட்டுக் காட்டும்போது கவனித்தால் வேறு மாதிரி இருக்கும். இடது உள்ளங்கையை விரித்து, அதன்மேல் முன்கட்டையைச் சும்மா படுக்க வைத்திருப்பார். விரல்கள் மூடியிருக்காது. தோளில் கட்டை பட்டும் படாமலும் இருக்கும். ஏன் அப்படி என்று அவர் விளக்கியதில்லை. அவர் ரவை மட்டும் போக வேண்டிய இடத்துக்குப் போகும்.

காரணம் ஸ்பிரிங்கில் இருக்கிறது. விசையை அழுத்தியதும் ஸ்பிரிங் பிஸ்டனை முன்னால் தள்ளுகிறது. துப்பாக்கி பின்னால் நகர்கிறது. பிஸ்டன் காற்றை நசுக்கிக்கொண்டு முட்டும் இடத்தில் துப்பாக்கி முன்னால் துள்ளுகிறது. ரவை குழலை விட்டு வெளியேறும் முன்பே இந்த ஆட்டம் தொடங்கிவிடுகிறது. அதைக் கையால் அடக்க முடியாது. ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி ஆட விட்டால், ரவையும் ஒரே இடத்துக்குப் போகும். இறுக்கிப் பிடித்தால், பிடி மாறும்போதெல்லாம் ஆட்டமும் மாறும். இன்றைக்கு வெளிநாட்டு ஏர் கன் பிரியர்கள் இந்தத் தளர்ந்த பிடிக்குப் பீரங்கிப் பிடி என்று பெயரே வைத்திருக்கிறார்கள். பீரங்கியும் சுட்டதும் தன் வண்டியோடு தாராளமாகப் பின்னால் உருளும் அல்லவா? எங்கள் ஊர்த் தெருவில் அது பேரில்லாமலே இருந்தது.

இப்போது நான் சுடுவது மொட்டை மாடியில். பத்து மீட்டர் அளந்து, கைப்பிடிச் சுவருக்கு முன்னால் ஒரு மரப்பெட்டி. உள்ளே பழந்துணி திணித்து, பின்பக்கம் கனமான இரும்புத் தகடு. பெட்டியின் முன்பக்கம் ஒட்டிய காகிதம்தான் இலக்கு. முதல் வேலை ஸ்குரூக்களைப் பார்ப்பது. ஸ்பிரிங் துப்பாக்கியின் அதிர்வில் கட்டையின் ஸ்குரூ தானாகவே தளரும். அது தளர்ந்த துப்பாக்கிக்கு எந்த சைட்டும் நிற்காது. அடுத்தது ரவை. தட்டைத் தலை, உருண்டைத் தலை, கூர்த்தலை என்று கடையில் வகைவகையாகக் கிடைக்கும். எல்லாம் 4.5 மில்லிமீட்டர்தான் என்றாலும் ஒவ்வொரு குழலுக்கும் ஒன்றுதான் பிடிக்கும். எது என்பதைச் சுட்டுப் பார்த்துத்தான் அறிய வேண்டும். பாவாடைபோல் விரிந்த பின்பக்கம் நசுங்கிய ரவையை ஒதுக்கிவிட வேண்டும்.

பிறகு, சைட்டைத் தொடாமல், ஒரே புள்ளியைப் பார்த்து ஐந்து ரவை. அவை நடுவில் விழ வேண்டியதில்லை. ஒன்றுக்கொன்று நெருங்கி விழ வேண்டும், அவ்வளவுதான். காகிதத்தில் ஐந்து துளையும் ஒரு ரூபாய்க் காசுக்குள் அடங்கிவிட்டால், அந்தக் கூட்டத்தை நடுவுக்கு நகர்த்துவது சின்ன வேலை. ரவை எந்தப் பக்கம் போக வேண்டுமோ, பின்சைட்டை அந்தப் பக்கம் தள்ள வேண்டும். முன்சைட் என்றால் நேர் எதிர். ஸ்கோப் என்றால் கணக்கு இன்னும் சுலபம். வழக்கமான கால் மினிட் (கோண அளவு) ஸ்கோப்பில் ஒரு சொடுக்கு, பத்து மீட்டரில் சுமார் 0.7 மில்லிமீட்டர். ஒரு சென்டிமீட்டர் நகர்த்தப் பதினான்கு சொடுக்கு. துளைகள் சிதறிக் கிடக்கும்போது திருகாணியைத் திருப்புகிறவர் காற்றைத் துரத்துகிறார். இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்: முதலில் கூட்டம், பிறகுதான் நடு.

ஸ்கோப் வாங்குகிறவர்கள் ஏர் கன்னுக்கென்று செய்ததையே வாங்க வேண்டும். முன்னும் பின்னுமாக உதைக்கிற ஸ்பிரிங், சாதாரண ஸ்கோப்பின் உட்கட்டைச் சீக்கிரமே கலைத்துவிடும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் எங்கள் பக்கத்து ஈரம் குழலில் துருவாக ஏறும்; எண்ணெய்த் துணியால் துடைத்து வைக்க வேண்டும். பழைய துப்பாக்கியின் தோல் வாஷர் கோடையில் காய்ந்துபோகும், ஒரு சொட்டு எண்ணெய் கேட்கும். அதிகம் விட்டால் எண்ணெயே உள்ளே பற்றிக்கொண்டு புகை கக்கும். அந்தப் புகை அடங்கும் வரை எந்தக் குறியும் நம்பத்தக்கதல்ல.

அந்தக் காலத்தைப் பற்றி மனம் ஆறாத ஒன்று உண்டு. பரணிலிருந்து துப்பாக்கி இறங்கியதே அநேகமாக வயலுக்குப் போகத்தான். நடவு வயலில் நின்ற கொக்கும் மடையானும்தான் இலக்கு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-லேயே வந்துவிட்டது. வயல் வரப்புக்கு அது வந்து சேர வெகுகாலம் ஆயிற்று. 0.177 அங்குலக் குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் கொண்ட ஏர் கன்னுக்கு 2016 ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் வேண்டியதில்லை. அதை வைத்து ஒரு கொக்கை அடித்தாலும் குற்றம் குற்றமே. பக்கத்து மாவட்டத்து வடுவூர் ஏரி, பறவைகளுக்காகவே 2022-ல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் ஏறியிருக்கிறது. அங்கே வருகிற பறவைதான் நம் வயலிலும் இறங்குகிறது.

காகிதத்தில் என்ன சவால் இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஓர் அளவு. ஒலிம்பிக்கின் பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் இலக்கில், பத்துக்கான நடுப்புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர். அதைச் சுடுகிற ரவையே அதைப்போல் ஒன்பது மடங்கு அகலம். இன்று அங்கே ஸ்பிரிங் இல்லை, சிலிண்டரில் அடைத்த காற்று. 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது இந்தப் போட்டியில்தான். 2012-இல் லண்டனில் இதே போட்டியில் வெண்கலம் வாங்கிய ககன் நாரங் சென்னையில் பிறந்தவர். குழந்தையாக மெரினா கடற்கரையில் பலூன் சுட்ட கதை அவரைப் பற்றிப் பத்திரிகைகளில் வந்ததுண்டு. டோக்கியோவிலும் பாரிஸிலும் சுட்ட இளவேனில் வாலறிவன் கடலூரில் பிறந்தவர். அவர் வளர்ந்ததும் துப்பாக்கி பிடிக்கப் பழகியதும் குஜராத்தில்.

காவிரிக் கரையிலேயே பிறந்து வளர்கிற பிள்ளைக்கு இதைப் பழக இடம் வேண்டும். பத்து மீட்டர் நீளம், பின்னால் ஒரு கெட்டிச் சுவர், தெரிந்த ஒருவரின் மேற்பார்வை, கண்ணுக்குக் கண்ணாடி, ஈய ரவை தொட்ட கையைக் கழுவ ஒரு குழாய். ஒரு கொட்டகை போதும். பேரூராட்சியும் பள்ளிக்கூடங்களும் மனம் வைத்தால் அடுத்த பூசத்துக்குள் முடிகிற காரியம். வீட்டுப் பரணில் ஏர் கன் வைத்திருப்பவர்களிடம் நான் கேட்பதும் இதுதான்: இறக்குங்கள், ஸ்குரூவை முடுக்குங்கள், எதிரே காகிதத்தை ஒட்டுங்கள், வயல் பக்கம் மட்டும் நீட்டாதீர்கள்.