தெப்பத்துக்கு எந்தக் கட்டம், அய்யா?

அனுப்புநர்: மைக் செட்காரன் ஒருவன், ராஜபாளையம்.

பெறுநர்: ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000-இல் ‘அதிகாரி’ எனப்படுபவர் அவர்கள்.

பொருள்: தண்ணீர்மேல் ஆம்ப்ளிஃபயர் கட்ட அனுமதி கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. மேற்படி விதிகள். 2. குளத்தில் தண்ணீர்.

அய்யா,

உங்கள் பெயர் போடாமல் எழுதுவதற்கு மன்னிக்கணும். விதியைப் படித்துப் பார்த்தேன். மாவட்ட ஆட்சியராகவும் நீங்கள் இருக்கலாம், போலீஸ் கமிஷனராகவும் இருக்கலாம், டி.எஸ்.பி. பதவிக்குக் குறையாத வேறு யாராகவும் இருக்கலாம் என்று போட்டிருக்கிறது. எங்கள் பக்கம் பெருமாளுக்குத்தான் இத்தனை அவதாரம்.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே ஒரு கோயில் தெப்பக்குளம். ஊர்ப் பெயரை எழுதவில்லை. எழுதினால் விழாவுக்கு முன்னாலேயே வந்துவிடுவீர்கள். பையன்கள் வருஷக்கணக்காகக் கிரிக்கெட் ஆடிய குளம். இந்த முறை மலையில் பெய்த மழை ஸ்டம்பை முக்கிவிட்டது. தெப்பம் விடுவது என்று ஊர்க்கூட்டத்தில் முடிவாயிற்று. பீப்பாய்களைக் கட்டி, மேலே பலகை பரப்பி, அதில் சாமி, பட்டர், நாதஸ்வரம், தவில், நான், என் ஆம்ப்ளிஃபயர்.

அனுமதிப் படிவத்தில் ‘ஒலிபெருக்கி வைக்கும் இடம்’ என்ற கட்டத்தில் தெரு, மண்டபம், வாகனம் மூன்றுதான் இருந்தன. தெப்பம் என்றேன். எழுத்தர் கொஞ்ச நேரம் யோசித்து, “நகருதில்ல? வாகனம்னு போடுங்க” என்றார். போட்டேன். அடுத்த கட்டம், வண்டி எண். பீப்பாயில் இருக்கிற ஒரே எழுத்து, முன்பு அதில் எண்ணெய் அடைத்த கம்பெனியின் பெயர். அதையே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இனி நீங்கள் கேட்காத விவரங்கள். ஜெனரேட்டர் கரையோடு சரி. 230 வோல்ட்டை ஈரப் பலகைமேல் இழுத்துக்கொண்டு போக என் வீட்டம்மா சம்மதிக்கவில்லை. தரையில் என்றால் குழி தோண்டி உப்பும் கரியும் போட்டு எர்த் அடிப்பேன். மிதக்கிற பலகையில் எங்கே தோண்ட? அதனால் ஆம்ப்ளிஃபயருக்கு 12 வோல்ட் பேட்டரி இரண்டு. 100 வாட் மிஷின் முழு மூச்சில் ஓடினால் பதினைந்து ஆம்பியர் இழுக்கும். கமிட்டிப் பையன்கள் வாங்கி வந்த மெல்லிய ஒயரில் விட்டால் வழியிலேயே வோல்ட் இறங்கி, நாதஸ்வரம் சளி பிடித்த மாதிரி வரும். கனத்த ஒயர், பேட்டரி முனையை ஒட்டியே ஃபியூஸ். பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும் என்பதால் சார்ஜ் எல்லாம் கரையில். தெப்பத்திலும் கற்பூரத் தட்டு எட்டாத மூலைதான் அதற்கு.

பேட்டரிதானே, ஷாக் அடிக்காது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். கூம்புக் குழாய் ஸ்பீக்கருக்குப் போகிற 100 வோல்ட் லைனை அவர்கள் தொட்டதில்லை. வித்வான் உச்சத்துக்குப் போகிற நேரம் பார்த்துத் தொட்டால் ராகம் விரல் வழியாக ஏறும்.

பையன்கள் ஸ்டீரியோ வேண்டும் என்றார்கள். தெப்பம் குளத்தைச் சுற்றி வரும்போது வலது இடதாகும், இடது வலதாகும். மேலக்கரைக்காரனுக்குத் தவில், கீழக்கரைக்காரனுக்கு நாதஸ்வரம் என்று ஊர் இரண்டாகிவிடும். வேண்டாம் என்றேன்.

போகட்டும், சட்டத்துக்கு வருகிறேன். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபெல், இரவில் 45. ஒலிபெருக்கி வைத்த பொது இடத்தின் எல்லையில் இதைவிடப் பத்து கூடலாம். எப்படியும் 75-ஐத் தாண்டக் கூடாது. ஆக எங்கள் குளக்கரையில் பகல் கணக்குக்கு 65. என் குழாய் ஒரே ஒரு வாட்டில், ஒரு மீட்டர் தள்ளி, சுமார் 105 கொடுக்கும். முப்பது மீட்டர் தள்ளியிருக்கிற கரைக்குப் போவதற்குள் அது 75 ஆகும். 65-க்கு இறக்க வேண்டுமானால் பத்தில் ஒரு வாட். அதாவது 100 வாட் ஆம்ப்ளிஃபயரில் ஆயிரத்தில் ஒரு பங்கை மட்டும் திறந்துவிட்டு, மீதியைப் பக்தியோடு பூட்டி வைக்க வேண்டும். மைக்கே இல்லாமல் வாசித்தாலும் வித்வான் அந்த 65-ஐத் தாண்டிவிடுவார் என்பது என் காதுக் கணக்கு. போதாததற்கு, சாயங்காலம் தண்ணீரை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேல்காற்று சூடாக இருந்தால், மேலே போகிற சத்தம் வளைந்து கரைக்கே இறங்கும். அந்தக் கூடுதல் டெசிபெலுக்கு வழக்கு என்மேலா, குளத்தின்மேலா?

முப்பது வருஷத் தொழிலில் டெசிபெல் மீட்டரோடு ஒருவரும் என் முன்னால் வந்து நின்றதில்லை. வருகிறவர்கள் பார்ப்பது வடிவத்தை. ‘கூம்பு கூடாது, பெட்டி மட்டும்’ என்பார்கள். ஆள் உயரப் பெட்டி எட்டை அடுக்கி ஜன்னல் கண்ணாடியை ஆட்டினாலும் பெட்டி பெட்டிதான், சட்டம் திருப்தி. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் ஒரு பஸ் ஏர்ஹாரன் அடித்துக்கொண்டு போகிறது. அதுவும் கூம்புதான், அய்யா.

இரவு பத்து முதல் காலை ஆறு வரை கூடாது என்கிறீர்கள். குழந்தை தூங்க, நோயாளி தூங்க நல்ல விதி, குறை சொல்லமாட்டேன். ஆனால் நீங்கள் இதைக் கொண்டுவந்திருப்பது ஆண்டாள் பிறந்த ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சீமைக்கு. திருப்பாவை முப்பதில் பத்துப் பாசுரம், ஆறிலிருந்து பதினைந்து வரை, விடியுமுன் வீடு வீடாகப் போய்ப் பெண்களை எழுப்புகிற வேலைதான். மார்கழியில் அதையே குழாயில் போட்டால் நாலரை மணிக்கு நான் குற்றவாளி. அசல் குற்றவாளிக்கு 192 அடியில் கோபுரம்.

ஆகவே கோருவது இரண்டு. படிவத்தில் ‘தெப்பம்’ என்று ஒரு கட்டம் போட்டுத் தரவும். விழாவன்று ஒரு மீட்டரோடு நேரில் வரவும். தெப்பத்திலேயே இடம் விட்டிருக்கிறேன். இரண்டு பேட்டரியும் ஒரு மூலையில் தொண்ணூறு கிலோ கனக்கின்றன. எதிர் மூலை தூக்கிக்கொண்டு நிற்கிறது. பதவி டி.எஸ்.பி.க்குக் குறையாமலும், எடை தொண்ணூறு கிலோவுக்குக் குறையாமலும் ஒருவரை அனுப்பிவைத்தால் போதும்.

இப்படிக்கு,
மைக் செட்காரன்