மேலே போன கோப்பு

அரசு அலுவலகத்தில் கோப்பு தானாக நகராது; 'புட் அப்' ஆக வேண்டும், அதாவது மேலதிகாரியின் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். "ஃபைலை புட் அப் பண்ணியாச்சு சார்" என்று உதவியாளர் சொல்லிவிட்டால் பொறுப்பு கண்காணிப்பாளர் தலையில். அவர் ஒரு சந்தேகம் எழுதிக் கீழே அனுப்புவார். விளக்கத்தோடு அது மறுபடி 'புட் அப்'. தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் 1956இலேயே வந்துவிட்டது. குறிப்பு தமிழில் எழுதப்படுகிறது. மேலே ஏறுவது மட்டும் இன்னும் ஆங்கிலத்தில்.

திங்கள்தோறும் ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்கு மனுவோடு வருபவருக்கு இந்த இலக்கணம் அத்துப்படி. அதே வினையோடு 'வித்' சேர்ந்தால் சகித்துக்கொள் என்று பொருள். ஆகவே கோப்புக்கு 'புட் அப்', மனுதாரருக்கு 'புட் அப் வித்'. தள்ளிப்போடும் 'புட் ஆஃப்' மட்டும் இருவருக்கும் பொது.