உலக முடிவுக்கு ஒரு திட்டம்

ஹோர்ட்டன் சமவெளியில் ஒன்பது கிலோமீட்டர் நடக்க மூன்று வாரம் திட்டமிட்டோம். விவாதம் முக்கால்வாசியும் சம்பல் யார் கொண்டுவருவது என்பதில் போயிற்று. இலங்கைக்கே உரிய சீழ்க்கைப் பூங்குருவியைக் காண, விடியுமுன் அரேங்கா குளத்தருகே நிற்கவேண்டும். குளத்தின் பெயரே அப்பறவையின் பழைய அறிவியல் பெயரிலிருந்து வந்தது. எங்கள் வான் வந்தபோது குருவி காலைச் சாப்பாட்டையும் முடித்திருக்கும். பூங்கா வாசலில் பொலித்தீனைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். பிஸ்கட்டுகள் சட்டையில்லாமல் மலையேறின. ‘உலக முடிவு’ என்னும் மலைவிளிம்பை அடையும்போது மணி பத்தரை. எண்ணூறு மீட்டருக்கும் மேலான பள்ளத்தைப் பனிமூட்டம் வெள்ளையடித்து மூடியிருந்தது. அதன் முன்னால் நின்றே படமெடுத்தோம், சலவைக்காரர் வீட்டு வேட்டி முன்னால் நிற்பதுபோல. எங்கள் தொலைநோக்கிக்காரர் ஒரு பறவையைக் கண்டார். எங்கள் பணிஸையே பார்த்துக்கொண்டிருந்த காகம்.