துள்ளலோசையும் முழங்காலும்

மூத்த பாப்-பங்க் குழுவின் மாநகரக் கச்சேரி என்பது மேடையில் இருப்பவர் களைக்காமல் பாட, கீழே நிற்பவர் மூச்சிரைக்கும் நிகழ்ச்சியாகும். இதற்குத் தக்க சான்று, 2024 ஜூன் 29, சனிக்கிழமை, லண்டன் வெம்ப்ளி அரங்கில் கிரீன் டே நடத்திய கச்சேரி. ‘டூக்கி’ (1994), ‘அமெரிக்கன் இடியட்’ (2004) ஆகிய இரு ஆல்பங்களும் அன்று முழுமையாக வாசிக்கப்பட்டன. அவை மட்டுமே ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டும். குழுவின் மூவரும் 1972இல் பிறந்தவர்கள் என்பதை நினைவில் கொள்க.

ரசிகர்களை முச்சங்கமாகப் பகுக்கலாம். முதற்சங்கத்தார், கலிபோர்னியாவின் பெர்க்லியில் 924 கில்மன் தெரு என்ற மன்றத்தில் இக்குழுவைக் கேட்டவர்கள். தொண்டர்கள் நடத்தும், மது விற்காத இடம் அது. பெரிய இசை நிறுவனத்தில் சேர்ந்த குழுவுக்கு அங்கே அப்போது மேடை கிடையாது. ரிப்ரைஸ் நிறுவனத்தில் சேர்ந்த கிரீன் டேக்கும் கதவு அடைபட்டது, 2015இல் ஒரு நிதி திரட்டும் கச்சேரிக்காகத் திறந்தது. கில்மனில் தொடக்க நாட்களில் இருந்ததாகச் சொல்பவர் அத்தனை பேரும் மெய்யாகவே இருந்திருந்தால் அந்த மன்றத்தின் சுவர் நின்றிருக்காது. எனினும், தமிழ் முதற்சங்கம் 4,440 ஆண்டுகள் நடந்தது என்னும் களவியல் உரையை ஏற்பவர்களுக்கு இதை ஏற்பதில் சிரமம் இராது.

இடைச்சங்கத்தார் 1994இலும், கடைச்சங்கத்தார் 2004இலும் பதின்வயதில் இருந்தவர்கள். டி-சர்ட்டை வைத்து இவர்களைப் பிரித்தறியலாம். இடைச்சங்க டி-சர்ட்டில் எழுத்து வெளுத்திருக்கும், வயிற்றுப் பகுதி இழுபட்டிருக்கும். மடிப்புக் கலையாத டி-சர்ட் அன்றே வாசலில் வாங்கியது. அதைச் சான்றாகக் கொள்வதற்கில்லை. பெரிய காதடைப்பான் மாட்டி, பெற்றோர் தோளில் ஏறியிருக்கும் பிள்ளைகள் சங்கம் மருவியோர் எனப்படுவர்.

கச்சேரிக்குக் கடவுள் வாழ்த்து உண்டு. குழு மேடையேறுமுன் குவீன் குழுவின் ‘போஹிமியன் ராப்சடி’ (1975) ஒலிபெருக்கியில் போடப்படும். கூட்டம் ஏறத்தாழ ஆறு நிமிடமும் ஒரு சொல் விடாமல் பாடும். இத்தகைய அலங்கார ராக் சலித்துத்தான் பங்க் பிறந்தது என்பது வரலாறு. இம்முரணைப் பற்றி உரையாசிரியர்கள் வாய் திறப்பதில்லை. அடுத்து ரமோன்ஸ் குழுவின் ‘பிளிட்ஸ்க்ரீக் பாப்’ ஒலிக்க, முயல் வேடமிட்ட ஒருவர் வந்து ஆடுவார். இதற்கும் விளக்கம் கேட்கக் கூடாது.

இனித் துள்ளல். ‘பாஸ்கெட் கேஸ்’ மூன்று நிமிடப் பாட்டு. வேகம் நிமிடத்துக்கு 170 தட்டுகளை ஒட்டியது. இரண்டு தட்டுக்கு ஒரு துள்ளல் என்றாலும் சுமார் 250 துள்ளல் ஆகிறது. தொடக்கத்தில் கிட்டாரும் குரலும் மட்டுமே வருவதால் அரை நிமிடம் மிச்சம். பாட்டை இயற்றியவர்களின் கருணை அது. டிரம்ஸ் புகுந்ததும் மூன்று சங்கமும் ஒன்றாக எழும்பும். அடுத்த பல்லவிக்குள் இடைச்சங்கத்தார் குதிகாலை மட்டும் தூக்குவர். பிறகு கையை உயர்த்துவர். முடிவில் தலையாட்டலே மிஞ்சும். யாப்பிலக்கணப்படி துள்ளலோசையில் தொடங்கித் தூங்கலோசையில் முடிகிறது எனலாம்.

இது முதுமையால் மட்டும் நேர்வது அன்று. மேடையில் இருப்பவருக்கும் ஏறத்தாழ அதே வயதுதான். ஆனால் அவர்களுக்கு இது தொழில். முப்பது ஆண்டுகளுக்கு மேல் விடாத சாதகம். ரசிகருக்கோ சில ஆண்டுகளுக்கு ஒரு முறை, அதுவும் நாற்காலி வேலைக்கு நடுவே. ஆகையால் மூத்த குழுவின் கச்சேரியில் மூப்பு மேடையில் தெரிவதில்லை, கூட்டத்தில் தெரிகிறது.

இளைப்பாற இடமும் உண்டு. இரு ஆல்பங்களுக்கும் நடுவே பிற பாடல்கள் வரும். அவற்றில் புதியவை தொடங்கியதும் பீர் கடைக்கும் கழிப்பறைக்கும் வரிசை நீளும். புதுப்பாட்டின் தரத்துக்கும் வரிசையின் நீளத்துக்கும் தொடர்பில்லை. நல்ல பாட்டுக்கும் இதே கதிதான். கூட்டத்திலிருந்து ஒருவரை மேடையேற்றிப் பாடவிடுவதும் இப்பகுதியில் நடக்கிறது. ஏறுபவர் பெரும்பாலும் இளையவராக இருப்பது முழங்காலின் பொருட்டே போலும்.

மங்களப் பாட்டு ‘குட் ரிடன்ஸ்’. இதற்குத் துள்ளத் தேவையில்லை என்பதால் அனைவரும் முழுக் குரலில் பாடுவர்.

மறுநாள் ஞாயிறாக இருந்தது லண்டன்காரர்களின் அதிர்ஷ்டம். இதே கச்சேரி நியூயார்க்கின் சிட்டி ஃபீல்டுக்கு ஆகஸ்ட் 5ஆம் தேதி வந்தபோது கிழமை திங்கள்.