பாடநூல் எழுதுகிறவனுக்குக் குடும்பம் ஆகாது

ஆறுமுக நாவலர் கலியாணம் கட்டவில்லை. சைவத்துக்கும் தமிழுக்கும் தம்மை ஒப்புக்கொடுத்ததால் என்று படித்தேன். பள்ளிக்கூடத்தில் அப்படியே படிப்பித்தும் வந்தேன். இப்போது எனக்கு வேறொரு காரணமும் தெரிகிறது. 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய மனிதர், பிள்ளைகளின் கையில் கொடுக்கப் புத்தகம் வேண்டுமென்று சென்னை வரை போய் அச்சியந்திரம் வாங்கி வந்தார். பாலபாடங்களை எழுதித் தமது அச்சுக்கூடத்திலேயே அச்சிட்டார். ஊர்ப் பிள்ளைகளுக்கு நல்லொழுக்கம் முழுவதையும் எழுதி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனால், “அப்ப நீங்கள் மட்டும் ஏன் அப்பிடிச் செய்யிறேல்லை?” என்று கேட்க அங்கே ஒரு மகள் இல்லை. எவ்வளவு பெரிய வசதி!

சுவாமி விபுலாநந்தரைப் பாருங்கள். எங்கள் திருகோணமலை இந்துக் கல்லூரியைக் கட்டிக் காத்தவர். 1936இல் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். அவரும் துறவி. மானிப்பாய் வைத்தியர் கிறீன் குடும்பஸ்தர்தான். ஆனால் அவர் தமிழில் ஆக்கிய புத்தகங்கள் எலும்பையும் நரம்பையும் இரணவைத்தியத்தையும் பற்றியவை. “நீங்கள் எழுதினபடி உங்கட முழங்கால் இல்லையே” என்று எந்த மனைவியும் கேட்கமாட்டாள். சிறுப்பிட்டி தாமோதரம்பிள்ளை குடும்பமும் நடத்தி, ஆறாம் வாசகப் புத்தகமும் ஏழாம் வாசகப் புத்தகமும் எழுதினார். அவர் என் கொள்கைக்கு இடைஞ்சலாக இருப்பதால் அவரைப் பற்றி மேலே பேசப்போவதில்லை.

நான் திருகோணமலைக்குப் பக்கத்தில் சல்லியில் இருப்பவன். கடற்கரையில் முத்துமாரியம்மன், வீட்டில் மனைவி, மகள், மாமி. இந்த மூன்று பேர் வீட்டில் இருப்பதை யோசிக்காமல்தான் ஒருநாள் பாடநூல் எழுத்தாளர் குழுவில் சேரச் சம்மதித்தேன்.

இந்த நாட்டில் 1980 முதல் பாடநூல்கள் இலவசம். பாடத்திட்டம் மகரகமவில், தேசிய கல்வி நிறுவகத்தில் உருவாகும். நூல் பத்தரமுல்லை இசுறுபாயவில், கல்வி வெளியீட்டுத் திணைக்களத்திலிருந்து வெளிவரும். நடுவில் இரவுக் கோச்சியில் தூங்கி வழிந்துகொண்டு போய்வருகிற என்னைப் போன்ற வாத்தியார்மார் இருப்பார்கள். கடைசியில் நூலின் முன்பக்கங்களில் தேசிய கீதம், அமைச்சரின் செய்தி எல்லாம் தாண்டி, பொடி எழுத்தில் ஒரு பெயர்ப் பட்டியல் வரும். அதைப் பிள்ளைகள் வாசிப்பதில்லை, ஆசிரியர்கள் வாசிப்பதில்லை. எழுதினவனின் மனைவி மட்டும் வாசிப்பாள்.

“பேரும் பட்டமும் சரியாத்தான் கிடக்கு. ‘வீட்டைத் துப்புரவாக வைத்திருப்போம்’ எண்ட பாடத்தை ஆர் எழுதினது?”

“நான்தான்.”

மாமி வாய்விட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் கண்டேன்.

எழுதப் போனவுடன் எங்களுக்குச் சொல்லித் தந்தது வினைச்சொல் விஷயம். கற்றற்பேறு எழுதும்போது ‘விளங்கிக்கொள்வார்’ என்று எழுதக்கூடாது. விளங்கியதா இல்லையா என்று எப்படி அளப்பது? ‘இனங்காண்பார்’, ‘பட்டியற்படுத்துவார்’, ‘விவரிப்பார்’ என்று கண்ணால் காணக்கூடியதாக எழுத வேண்டும். அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் புளூமும் கூட்டாளிகளும் 1956இல் வகுத்த படிநிலைகளிலிருந்து வந்த பழக்கம் இது. நல்ல பழக்கம்தான். நான் அதை வீட்டிலும் சொன்னதுதான் வினை. அடுத்த சனிக்கிழமை கடைக்குப் போகும்போது மனைவி கொடுத்த துண்டில் சாமான் பெயர் ஒன்றும் இல்லை. ‘கணவர் வீட்டில் இல்லாத பொருட்களைத் தாமே இனங்காண்பார். பட்டியற்படுத்துவார். மறக்காமல் கொண்டுவருவார்.’ கீழே மதிப்பீட்டுக்கு ஒரு கட்டமும் போட்டிருந்தாள்.

பாடநூலில் ஆபத்தான இடம் எதுவென்று கேட்டால் சமயம், வரலாறு என்று சொல்வீர்கள். அவற்றைப் பத்துப் பேர் பார்த்துத் திருத்துவார்கள். ஆபத்து கணக்கில் வரும் விலையில் இருக்கிறது. எங்கள் பாடத்திட்டம் எட்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற வேண்டும் என்பது ஏற்பாடு. 1999, 2007, 2015 என்று அப்படித்தான் மாறியது. 2023இல் வரவேண்டியது பிந்திவிட்டது. அதாவது, கணக்கில் நான் ஒரு தேங்காய்க்குப் போடும் விலை குறைந்தது எட்டு வருஷம் உயிரோடு இருக்க வேண்டும். இலங்கையில் எந்த விலை எட்டு வருஷம் இருந்தது?

நான் அப்போது எழுதிய கணக்கில், கமலா ஐம்பது ரூபாய்ப்படி மூன்று தேங்காய் வாங்கினாள். நியாயமான விலை, அன்றைக்குக் கடையில் கேட்டுத்தான் எழுதினேன். பிறகு 2022 வந்தது. ரூபா சரிந்தது. மேல் மாகாணத்தில் தாள் இல்லாமல் தவணைப் பரீட்சையையே தள்ளிவைத்தார்கள். 2024 முடிவில் தேங்காய் இருநூறு ரூபாவைத் தொட்டது. என் கமலா மட்டும் அசையாமல் ஐம்பது ரூபாவுக்கே வாங்கிக்கொண்டிருந்தாள்.

“இஞ்சாருங்கோ, இந்தக் கமலா ஆர்?”

“ஏன்?”

“எந்தக் கடையில வாங்கிறவ எண்டு கேட்டுச் சொல்லுங்கோ. நானும் போறன்.”

அதன்பிறகு வீட்டில் கமலா ஓர் ஆளாகவே ஆகிவிட்டாள். மீன் வாங்கி வந்தால், “கமலாவெண்டால் இதைப் பாதி விலைக்கு வாங்கியிருப்பா.” மின்சாரக் கட்டணம் வந்தால், “கமலா வீட்டுக்கு எவ்வளவு வந்திருக்கும்?” இல்லாத ஒரு பெண்ணை வைத்து என்னைச் சந்தேகப்படாத குறைதான். பாடநூல்களில் பிள்ளைகள் ஏன் எப்போதும் மாங்காயும் மாபிளும் சிப்பியும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள் என்று இனி யோசிக்காதீர்கள். அனுபவப்பட்ட எழுத்தாளர் காசு பக்கமே போகமாட்டார்.

காசு வேண்டாமென்று மீனுக்குப் போனேன். சல்லியில் இருந்துகொண்டு வேறு எதை எழுதுவது? ‘கரைவலையில் 100 கிலோ மீன் பிடிபட்டது. 10 பேர் சமமாகப் பங்கிட்டால் ஒருவருக்கு எவ்வளவு?’ நாலாம் வகுப்புக்கு இதைவிட அழகான கணக்கு உண்டா? பக்கத்து வளவுச் சம்மாட்டி அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“வாத்தியார், மீனை ஆர் சமனாப் பிரிக்கிறது? வலைக்கொரு பங்கு, வள்ளத்துக்கொரு பங்கு, எண்ணெய்ச் செலவு, பழைய கடன். கோயிலை மறந்திட்டியள். மிச்சத்தைத்தான் இழுத்தவன் காணுவான்.”

“அப்ப ஒருத்தனுக்கு எவ்வளவு வரும்?”

“அது கடன் கொப்பியைப் பார்த்துத்தான் சொல்லலாம்.”

இந்தப் பதிலைப் புத்தகத்தில் போட முடியாது. ஆனால் தகப்பன் வலை இழுக்கிற பிள்ளை வகுப்பில் ‘10 கிலோ’ என்று எழுதுவது சரிக்காக அல்ல, வாத்தியாரின் மனம் நோகக்கூடாது என்பதற்காக. கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ உள்ள பிள்ளைக்கு அந்தக் கணக்கு சரி. சல்லிப் பிள்ளைக்கு அது கதை. ஒரே புத்தகத்தை நாடு முழுவதற்கும் எழுதுவதில் உள்ள உண்மையான கஷ்டம் இதுதான் என்று நினைக்கிறேன். இதைப் பற்றி ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதலாம் என்றிருக்கிறேன். வேலி அடைத்து முடிந்த பிறகு.

வேலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேல் வகுப்புகளுக்கு வேலையும் நாளும் பற்றிய கணக்கு உண்டு. ஆள் இரட்டித்தால் நாள் பாதியாகும் என்பது கணிதம். எங்கள் வளவில் ஒரு ஆள் தனியாக அடைத்தபோது ஓரளவு ஏறிய வேலி, இரண்டாவது ஆளைக் கூப்பிட்ட பிறகு நின்றுவிட்டது. ஆள் கூடினால் கதை கூடும் என்பதற்கு எந்தப் பாடநூலிலும் சூத்திரம் இல்லை. நானும் மூன்றாவது ஆளாகப் போய் நின்று கதைத்தேன்.

படங்களும் என்னைக் காப்பாற்றவில்லை. அம்மா சமைக்க அப்பா பேப்பர் வாசிக்கும் படத்தை இப்போது யாரும் விடுவதில்லை. ஆண் பெண் சமத்துவம் படத்திலும் தெரிய வேண்டும் என்பார்கள். நியாயம். நானும் உற்சாகமாகக் குறிப்பு எழுதினேன்: அப்பா சிரித்த முகத்துடன் துருவலையில் இருந்து தேங்காய் துருவுகிறார். ஓவியர் அந்தச் சிரிப்பை நன்றாகவே வரைந்திருந்தார். மகள் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அப்பா, இது ஆற்ற அப்பா?”

மாமி குசினிக்குள் போய்த் துருவலையைக் கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்தார். “மருமகன், சிரிச்சுக்கொண்டு துருவுங்கோ” என்றார். இப்போது தேங்காயை வாங்குகிறவனும் நான், துருவுகிறவனும் நான். சிரிப்பு இன்னும் பழகவில்லை.

ஒவ்வொரு வருஷத் தொடக்கத்திலும் புத்தகங்களுக்கு உறை போடுவது தகப்பன் வேலை. இந்தமுறை மகளுக்குக் கிடைத்தது, நான் எழுதிய நூலில் போன வருஷப் பிள்ளை பாவித்துத் திருப்பிக் கொடுத்த பிரதி. சில நூல்களைப் பத்திரமாக வைத்திருந்து திருப்பிக் கொடுத்தால் அடுத்த பிள்ளைக்குப் போகும். இலவசப் புத்தகத்தின் காசும் யாரோ கட்டுகிற வரிதானே. அந்தப் பிரதியில் சிரித்த அப்பாவுக்கு மீசை முளைத்திருந்தது. என் பெயருக்குப் பக்கத்தில் யாரோ ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்கள். கமலாவின் தேங்காய்க் கணக்கில் 50ஐ வெட்டி 200 என்று எழுதி, விடையையும் சரியாக 600 என்று போட்டிருந்தது அந்த முகம் தெரியாத பிள்ளை. எழுத்தாளர் குழுவில் இருந்திருக்க வேண்டிய பிள்ளை.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் பிள்ளையின் பாடநூலில் விலையோ மீனோ அப்பாவோ பொருந்தாவிட்டால் எழுதினவனின் வீட்டுக்கு வரவேண்டாம்; அங்கே ஏற்கெனவே மூன்று பேர் இருக்கிறார்கள். பக்க எண்ணோடு ஒரு கடிதம் எழுதி வெளியிட்டவர்களுக்கு அனுப்புங்கள். புத்தகத்திலேயே திருத்துவதென்றால் பென்சிலால் மெல்லிசாக எழுதுங்கள். அடுத்த வருஷம் அது இன்னொரு பிள்ளையின் கைக்குப் போக வேண்டும். அதற்குள் தேங்காய் விலை என்ன ஆகுமென்று யாருக்குத் தெரியும்?