மீன்தொட்டிப் படக்காரர்

சாயங்காலம் தெருவெல்லாம் வெளிச்சமாக இருக்க, ஒரு வீடு மட்டும் இருண்டு கிடந்தால் அங்கே ஃபியூஸ் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். மீன்தொட்டிப் படக்காரர் கேமராவோடு வேலையில் இருக்கிறார். தொட்டி விளக்கைத் தவிர வேறெதுவும் எரியக்கூடாது, கண்ணாடியில் பிரதிபலித்துவிடும். டிவிக்குத் தடை. ஃப்ரிஜ்ஜைத் திறப்பது குற்றம். வெள்ளை பனியனும் தெரியும் என்பதால் வருஷம் முழுக்கக் கறுப்புச் சட்டை. கட்சியா, சபரிமலை மாலையா என்று பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் குழம்பிக்கொண்டிருக்கிறார்.

கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் மற்றவர்கள் விலை கேட்பார்கள். இவர், "தம்பி, இது கொஞ்சம் நின்னு நீந்துமா?" என்பார்.

"நின்னா அது செத்த மீனு சார்."

ஷட்டர் வேகம் 1/200க்குக் கீழே போனால் வால் கலங்கிவிடும் என்பார். ஏற்றினால் படம் இருட்டடிக்கும் என்பார். லென்ஸைக் கண்ணாடியோடு நேராக ஒட்டவைப்பார். சற்றே சாய்ந்தாலும் மீன் இழுபட்டுத் தெரியும். எல்லாம் கூடிவரும் நேரத்தில், கேமரா மீனை விட்டுவிட்டுக் கண்ணாடியிலுள்ள கீறலைத் துல்லியமாகப் பிடிக்கும். அந்தக் கீறல் அவரிடம் எல்லாக் கோணத்திலும் இருக்கிறது.

ஃபைட்டர் மீன் லென்ஸில் தன் உருவத்தைப் பார்த்து, எதிரி வந்துவிட்டான் என்று செவுளை விரித்துச் சண்டைக்கு நிற்கும். "பாரு, எப்படி போஸ் கொடுக்குது!" என்று பூரிப்பார். ஆஸ்கார் மீன் அப்படியில்லை. ஆளைக் கண்டால் தீனி என்று நினைத்து நேரே வந்து வாயைப் பிளக்கும். இவருக்கு வேண்டியதோ பக்கவாட்டுத் தோற்றம். அதற்காகத் தீனியை ஓரமாகப் பிடித்துக்கொண்டு மகள் நிற்க வேண்டும்.

"அப்பா, கை வலிக்குதுப்பா."

"ஆடாதே, நிழல் விழுது!"

விருந்தாளி வந்தால் காபிக்கு முன்னால் படங்கள் வரும். "இது வால். இது திரும்பின வால். இங்கேதான் இருந்தது, இப்பத்தான் போச்சு." விருந்தாளியும் வெறும் தண்ணீரைப் பார்த்து, "பிரமாதம்!" என்பார்.

நேற்று மனைவி கேட்டாள்: "ஏங்க, பாப்பாவுக்கு ஸ்கூல் ஐடி கார்டுக்குப் போட்டோ வேணுமாம். இவ்வளவு பெரிய கேமரா இருக்கே, ஒண்ணு எடுங்களேன்."

மகளை ஏற இறங்கப் பார்த்தார்.

"சும்மா நிக்கிற ஆளை எடுக்கறதுல என்ன இருக்கு? ஸ்டூடியோவுக்குக் கூட்டிட்டுப் போ."